பக்கத்துக் கட்டில் பேச்சியும் என் புரைக் கண்ணும்

கண்புரை ஆபரேஷன் செய்துகொண்டவள் என்று தெரிந்ததும் எல்லோரும் என்னிடம் முதலில் கேட்பது ஒன்றுதான்: "கண்ணைத் தோண்டி வெளிய எடுத்து, கழுவிட்டு, திரும்ப உள்ள வைப்பாகளாமே, நெசமா டீச்சர்?"

பொய். கண் அதன் குழியிலேயேதான் இருக்கும். கண்மணிக்குப் பின்னால் சுண்டைக்காய் அளவுக்குக் கண்ணாடி போல ஒரு வில்லை இருக்கிறது. நாம் பார்ப்பதெல்லாம் அதன் வழியாகத்தான் உள்ளே போகிறது. வயதாலோ, சர்க்கரை வியாதியாலோ, அடிபட்டதாலோ அந்த வில்லை வெளுத்துப்போகிறது. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் வெளுக்கிறதே, அப்படி. அதுதான் புரை. கண்ணுக்கு மேல் படர்ந்த தோல் என்று நினைத்து, உரித்துவிடலாம் என்கிறார்கள். உரிக்க அங்கே ஒன்றும் இல்லை. வெளுத்த வில்லையை வெளியே எடுப்பதுதான் ஆபரேஷன்.

அடுத்த கேள்வி, வலிக்குமா என்பது. அதற்கு மட்டும் என்னால் சட்டென்று பதில் சொல்ல முடிவதில்லை. எனக்கு வலித்தது. டாக்டரின் கத்தியால் வந்த வலி அல்ல அது. அதைச் சொல்லாமல் புரையைப் பற்றி மட்டும் சொன்னால் பாதியை விழுங்கியது போல ஆகும். எனவே எழுதிவிடுகிறேன்.

அவசர நிலை முடிந்த மறு வருடம் அது. பசுமலையில் ஒரு தொடக்கப் பள்ளியில் நான் டீச்சர். என் கணவர் மில்லில் டைம் கீப்பர். மகள் செல்வி கல்லூரியில் சேர்ந்த புதிது. எனக்குச் சில வருடங்களாகச் சர்க்கரை உண்டு. கரும்பலகையில் நான் எழுதியதே எனக்குப் புகைக்குள் இருப்பது போலத் தெரிய ஆரம்பித்தது. கண்ணாடியை மாற்றினேன். மாற்றிய கண்ணாடிக்கும் அதே புகை. டாக்டரிடம் போனபோது, "புரைதான், இன்னும் முத்தலை, முத்தட்டும்" என்று திருப்பி அனுப்பினார்கள். அந்தக் காலத்தில் முற்றிய பிறகுதான் எடுப்பார்கள். சொட்டு மருந்தில் கரைத்துவிட முடியாதா என்று கேட்டேன். கரையாது, காசுதான் கரையும் என்றார் டாக்டர்.

முற்றிவிட்டது என்பதை எனக்குச் சொன்னது ஒரு ஞாயிற்றுக்கிழமை. அரிவாள்மனையில் விரால் மீனைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தேன். வெயில் முகத்தில் அடித்தது. வெயிலில் புரைக்கண்ணுக்கு எல்லாம் வெள்ளையாகிவிடும். மீன் எது, என் விரல் எது என்று தெரியாமல் அழுத்தினேன். எலும்பில் இரும்பு உரசியது கேட்டது. மீன் ரத்தமும் என் ரத்தமும் ஒன்றாய் ஓடின. "அம்மா, கைய எடும்மா!" என்று செல்வி அலறிய பிறகுதான் எடுத்தேன். கணவர் துணியைச் சுற்றிக்கொண்டே, "நாளைக்கே போறோம். முத்துச்சா முத்தலையான்னு இனிமே கேக்க வேணாம்" என்றார்.

மதுரையின் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றின் கண் பிரிவு. பெயர் வேண்டாம். வெளிநோயாளிகள் கூடத்தில் பெஞ்சு கொள்ளாமல் தரையிலும் உட்கார்ந்திருந்தார்கள். எல்லோரும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, சத்தம் வரும் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டே இருந்தார்கள். என் அருகில் ஆனையூர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி ஒரு கண்ணை முந்தானையால் அழுத்தியபடி முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தாள். ஊர் ஊராகச் சுற்றும் ஒரு வைத்தியன், கத்தி வேண்டாம், ஊசி போதும் என்று சொல்லி, கண்ணுக்குள் ஊசியை விட்டுப் புரையை உள்ளே தள்ளிவிட்டானாம். அன்றைக்கே பார்வை தெரிந்ததாம். தெருவெல்லாம் கூடி வேடிக்கை பார்த்ததாம். அடுத்த வாரம் கண் பழுத்து, மண்டையைப் பிளக்கும் வலி.

"அவன் கையில கெடைச்சான்னா அதே ஊசிய அவன் கண்ணுல விட்டுருவேன்" என்றாள். உள்ளே போய்த் திரும்பியபோது அவள் ஆடவில்லை. அந்தக் கண்ணைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லியிருந்தார்கள்.

என்னைச் சேர்த்துக்கொண்டார்கள். சிறுநீர், ரத்த அழுத்தம், கண்ணின் அழுத்தம் எல்லாம் பார்த்தார்கள். கண்ணோரத்துத் துளைக்குள் மெல்லிய குழாயை வைத்துத் தண்ணீர் அடித்தார்கள். தொண்டையில் உப்புக் கரித்தால் கண்ணீர்ப் பாதை திறந்திருக்கிறது, சீழ் இல்லை என்று அர்த்தமாம். கரித்தது. முதல் நாளே கத்தரிக்கோலால் இமை மயிரை ஒட்ட வெட்டினார்கள். மற்ற எதற்கும் நான் அழவில்லை. அதற்கு அழுதேன். ஏன் என்று இப்போதும் தெரியவில்லை.

பக்கத்துக் கட்டிலுக்கு அன்றைக்குத்தான் ஒருத்தி வந்திருந்தாள். எனக்கு அவள் ஒரு மஞ்சள் சேலையும் ஒரு குரலும்தான். மற்றதெல்லாம் புகை. பேர் பேச்சி. நாகமலை புதுக்கோட்டைக்கும் மேற்கே ஏதோ ஒரு கிராமம். வயது செல்வியைவிடக் கொஞ்சம்தான் அதிகம் இருக்கும். இடது கண்ணில் அடிபட்டு, உள்ளே ரத்தம் கட்டி, வில்லையின் உறை கிழிந்து ஒரே வாரத்தில் வெளுத்திருந்தது. அடிபட்ட கண்ணில் புரை இப்படி வேகமாக வரும் என்று எங்கள் வார்டைப் பார்க்கும் டாக்டரம்மா அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தது கேட்டது. ரத்தம் வற்றட்டும், பிறகு வில்லையை எடுத்தால் கண் தங்கும் என்றார்.

"எப்படி அடிபட்டுச்சு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மோட்டார் ரூம்புப் படியில விழுந்துட்டேம்மா."

நான் இருபது வருடத்துக்கு மேல் சின்னப் பிள்ளைகளோடு இருப்பவள். முதுகில் பெல்ட் தடத்தோடு வந்து, 'விழுந்துட்டேன் டீச்சர்' என்று சொல்லும் பிள்ளையின் குரலை எனக்குத் தெரியும். டாக்டரம்மா போனதும் கேட்டேன்.

"எந்தப் படிடி அது, கண்ணுக்குள்ள மட்டும் குத்துற படி?"

அவள் என் பக்கம் புரண்டு படுத்த சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள். "மம்பட்டிக் காம்பு, டீச்சர்."

"யாரு?"

"அவருதேன். வீட்டுக்காரரு."

"எதுக்கு?"

"சோத்துல கல்லு கெடந்துச்சு."

புருஷன் பெயர் காத்தமுத்து. அவன் அடிப்பது புதிது இல்லை. கல்யாணமான முதல் வருடம் கை. இரண்டாவது வருடம் மாட்டுக் கயிறு. வயிற்றில் உதைத்துக் கலைந்த பிள்ளை ஒன்று. இதையெல்லாம் அவள் பால் கணக்குச் சொல்வது போலச் சொன்னாள்.

"டாக்டரம்மாகிட்ட உள்ளதைச் சொல்லு."

"சொன்னா கொன்னுருவாரு டீச்சர்."

"சொல்லாட்டி மட்டும்?"

மறுநாள் காலை அவள் சொல்லிவிட்டாள். சொல்லச் சொன்னது நான். பின்னால் நடந்ததற்காகப் பலர் என்னை அதைச் சொல்லிக் குத்தியிருக்கிறார்கள். இன்றைக்கு ஒருத்தி வந்து பக்கத்தில் படுத்தாலும் நான் அதையேதான் சொல்வேன். ஆஸ்பத்திரியில் இருந்த போலீஸ்காரர் வந்து எழுதிக்கொண்டு போனார். ஊருக்குப் போய் விசாரித்தார்களாம். ஆள் இல்லையாம். வந்துவிட்டார்கள். போலீஸ் தேடி வந்தது அவன் காதுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது.

அதே காலையில் எனக்கு ஆபரேஷன். வலது கண்.

மயக்கம் கொடுப்பதில்லை. முழித்துக்கொண்டேதான் படுத்திருக்க வேண்டும். காதருகில் ஓர் ஊசி, கண்ணுக்குக் கீழே ஆழமாக ஓர் ஊசி. இரண்டாவது ஊசி இறங்கும்போது கண்ணை யாரோ பின்னாலிருந்து முன்னுக்குத் தள்ளுவது போல இருந்தது. கால் விரல்கள் தாமாகச் சுருண்டன. அத்தோடு சரி. பிறகு அது என் கண் இல்லை. முகத்தை மூடிய துணிக்குள் என் மூச்சுச் சூடு. டாக்டரம்மாவின் மூச்சு நெற்றிக்கு மேலே. கத்தி பட்டது தெரிந்தது, வலி தெரியவில்லை. இந்தக் கேள்விக்கு நேர்மையான பதில் இதுதான்: ஊசி வலிக்கும், ஆபரேஷன் வலிக்காது. "வந்துருச்சு, முழுசா வந்துருச்சு" என்றார். பிறகு பட்டு நூலால் தையல் போட்டார்கள்.

ஒரு கண்ணில்தான் ஆபரேஷன். ஆனாலும் இரண்டையும் சேர்த்துக் கட்டிவிடுவார்கள். ஒரு கண் அசைந்தால் மற்றதும் அசையும். தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை. நிமிர்ந்தே படுக்க வேண்டும். இருமக் கூடாது, தும்மக் கூடாது, முக்கக் கூடாது, சத்தம் போட்டுப் பேசக் கூடாது, சிரிக்கக்கூடக் கூடாது. தையல் விட்டால் உள்ளே இருப்பது வெளியே பிதுங்கிவிடும் என்று டாக்டரம்மா என் தாடையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "பிதுங்குச்சுன்னா நான் பொறுப்பில்ல, ஆமா."

செல்வி கஞ்சியை வடிகட்டி, கரண்டியால் உதட்டோரம் ஊற்றுவாள். மெல்லக் கூடாது என்பதால் வாழைப்பழத்தைக்கூடப் பிசைந்து தருவாள். கணவர் மில் ஷிப்ட் முடிந்து சைக்கிளில் வருவார். தலைமாட்டில் உட்கார்ந்து, வழியில் பார்த்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் சொல்வார். வீட்டில் அதிகம் பேசாத மனிதர். திருப்பரங்குன்றம் ரோட்டில் எந்த லாரி எதன் மேல் மோதியது, யார் யாரை அடித்தார்கள், எல்லாம் வரும். என் கண்ணுக்குப் பதில் தன் வாயைத் தந்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது மணல் மூட்டைகளைத் தடவிப் பார்த்து நேராக வைத்துவிட்டு, "ஆடாம இரு. வாரேன்" என்பார்.

ஆபரேஷன் முடிந்த இரண்டாம் நாள் மத்தியானம். பார்வையாளர் நேரம் இன்னும் வரவில்லை. கூட வந்தவர்களை எல்லாம் கேட்டுக்கு வெளியே நிறுத்தியிருந்தார்கள். சிஸ்டர் ஆபரேஷன் அறைக்கு யாரையோ கூட்டிப் போயிருந்தார். வார்டில் சந்தனம் ஆயா மட்டும்தான் கண் திறந்தவள். மற்றபடி நாங்கள் எல்லோரும் கட்டுப் போட்டுக் கிடந்தவர்கள். பேச்சிக்கும் ரத்தம் வற்றுவதற்காக இரண்டு கண்ணையும் கட்டி வைத்திருந்தார்கள்.

செருப்புச் சத்தம் வந்தது. பால் கேன் ஒன்றைத் தரையில் வைத்த சத்தம். சமையல்கட்டு வழியாக, பால்காரன் போல உள்ளே வந்திருக்கிறான் என்று பிறகு சொன்னார்கள். பீடி நாற்றமும் டீசல் நாற்றமும் என் கட்டிலைத் தாண்டிப் போயின.

"பேச்சி." மெதுவாகத்தான் கூப்பிட்டான். "எந்திரி. வீட்டுக்குப் போவோம்."

அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது.

"போலீசுல சொன்னியாமே. எம்புட்டுச் சொன்ன? எல்லாமா சொன்ன?"

"இல்லங்க... நான் ஒண்ணும்..."

"ஒரு கண்ணு போதாதாடி ஒனக்கு?"

கட்டுத் துணி கிழிந்த சத்தம். பிறகு அவள் போட்ட கத்தல். அதை எழுத எனக்கு எழுத்து இல்லை. ஆடு அறுபடும்போதுகூட அப்படிக் கத்துவதில்லை. 'யாராவது வாங்க' என்று ஆயா வராந்தாவில் கத்திக்கொண்டே ஓடினாள். கேட் ரொம்ப தூரம்.

நான் மணல் மூட்டைகளுக்கு நடுவில் கிடந்தேன். என்ன நினைத்தேன் என்று எல்லோரும் கேட்கிறார்கள். பிதுங்கிவிடும் என்று நினைத்தேன். டாக்டரம்மா தாடையைப் பிடித்துச் சொன்னதை நினைத்தேன். இந்தக் கண் போனால் மற்றதும் புரை, அப்புறம் பள்ளிக்கூடம் இல்லை என்று நினைத்தேன். இம்புட்டையும் நினைத்து முடித்தபோது நான் ஏற்கெனவே தரையில் நின்றுகொண்டிருந்தேன். ஒரு மணல் மூட்டை விழுந்து உடைந்து, காலடியில் மணல் நெறுநெறுத்தது.

சத்தத்தைப் பார்த்துப் போனேன். கட்டில் கம்பி இடுப்பில் இடித்தது. கையை வீசினேன். துணி, மயிர், பிறகு ஒரு கை. பெரிய கை. மணிக்கட்டில் செம்புக் காப்பு. அந்தக் கையின் கட்டைவிரல் எதற்குள் அழுந்தியிருந்தது என்று எனக்கு உடனே புரிந்தது. இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. குனிந்து, கட்டைவிரலுக்குக் கீழே உள்ள சதையைக் கடித்தேன்.

அவன் முதலில் என்னை ஆள் என்றே நினைக்கவில்லை போல, சும்மா உதறினான். விடவில்லை. பிறகு மற்றக் கையால் அடித்தான். காதில், கன்னத்தில், கட்டின் மேல். கட்டின் மேல் அடி விழுந்தபோது கண்ணுக்குள் ஏதோ சுடச்சுட வழிந்தது. வாய்க்குள்ளும் சுடச்சுட வழிந்தது. எது என் ரத்தம், எது அவன் ரத்தம் என்று தெரியவில்லை. பல் பல்லோடு முட்டும் வரை கடித்தேன். அன்றைக்கு என் வாய்க்கு அவன் கழுத்து எட்டியிருந்தால் கழுத்தைக் கடித்திருப்பேன். கொன்றிருப்பேன். இதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை.

அப்போதுதான் வார்டு எழுந்தது. கட்டுப் போட்ட பெண்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஒருத்தியும் சொல்லிவைத்துச் செய்யவில்லை. எவர்சில்வர் செம்பு பறந்து வந்து சுவரில் மோதியது. எச்சில் பாத்திரம், டிபன் கேரியர் தட்டு, மணல் மூட்டை. "எங்கடி இருக்கான், சத்தம் குடுங்கடி!" என்று மூலைக் கட்டில்காரி கத்தினாள். "இங்க! இங்க!" என்று கத்தியது பேச்சி. ஒரு செம்பு என் முதுகிலும் பட்டது. ஒரு மணல் மூட்டை அவன் தலையில் விழுந்திருக்க வேண்டும். சத்தம் வேறு மாதிரி இருந்தது. அவன் சரிந்தான். நானும் அவனோடு சரிந்தேன்.

வார்டு பையன்கள் வந்து அவனைப் பிடித்தார்கள். என் வாயைத் திறக்க ஆயா என் மூக்கைப் பொத்த வேண்டியிருந்ததாம்.

பேச்சியின் அடிபட்ட அந்த இடது கண் உடைந்துவிட்டது. அதற்கு மேல் அதைத் தைக்க முடியாது. விட்டுவைத்தால் மற்றக் கண்ணுக்கும் ஆபத்து என்று, அன்றைக்கே அதை எடுத்துவிட்டார்கள். கண்ணைத் தோண்டி எடுப்பார்களா என்று கேட்பவர்களிடம் இல்லை என்றுதான் சொல்கிறேன். சொல்லும்போதெல்லாம் இந்த ஒரு கண் எனக்கு ஞாபகம் வராமல் இருப்பதில்லை.

எனக்குத் தையல் விட்டு, கண்மணியைச் சுற்றியிருக்கும் கருந்திரை மிளகு போல வெளியே பிதுங்கியிருந்தது. திரும்பவும் அதே மேஜை, அதே ஊசி. பிதுங்கியதை வெட்டிவிட்டு மறுபடி தைத்தார் டாக்டரம்மா. தைத்துக்கொண்டே திட்டினார். "தும்மக் கூடாதுன்னு சொல்லி அனுப்பினேன். நீங்க சண்டைக்குப் போயிருக்கீங்க. டீச்சராம் டீச்சர்." இதற்கு மேல் பழுக்காமல் இருந்தால் கண் தப்பும் என்றார். பழுக்கிறதா என்று காத்திருந்த அந்த வாரத்தைப் போல ஒரு வாரத்தை எதிரிக்கும் கொடுக்க வேண்டாம். கட்டுக்குள் சின்னதாய் ஒரு குத்தல் எடுத்தாலும், ஊசி வைத்தியத்தில் கண்ணை இழந்த அந்த ஆனையூர்ப் பெண் என் நினைவில் ஆட ஆரம்பித்துவிடுவாள்.

கணவர் வந்தார். வழியில் பார்த்த எதையும் சொல்லவில்லை. மணல் மூட்டைகளை நேராக வைத்துவிட்டு, "அவ யாரு ஒனக்கு?" என்றார்.

"பக்கத்துக் கட்டில்."

"கண்ணு போயிருந்தா?"

"போயிருக்கும்."

"எம்புட்டுத் திமிரு ஒனக்கு" என்று எழுந்து போனார். வராந்தாவில் யாருடனோ சத்தம் போட்டார். ஆளை உள்ளே விட்டது எவன், சமையல்கட்டுக் கதவைப் பூட்டாதது எவன் என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதே கிடையாது. "அப்பா அழுகுறாரும்மா" என்று செல்வி என் காதில் சொன்னாள். மறுநாள் அவர் கொண்டுவந்த கேரியரில் இரண்டு பேருக்குக் கஞ்சி இருந்தது. ஒன்றை எனக்கு ஊட்டிவிட்டு, மற்றதை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கட்டிலுக்குப் போனார். "வாயத் தெற, தாயி" என்று அவர் சொன்னது கேட்டது. அதன் பிறகு அவளும் நானும் டிஸ்சார்ஜ் ஆகும் வரை அப்படித்தான்.

பேச்சியின் அம்மா வந்தாள், சொந்தக்காரர் ஒருவரோடு. கட்டிலைச் சுற்றி நின்று பேசினார்கள். "ஆத்திரத்துல பண்ணிப்புட்டான். ஜெயிலுக்குப் போனா நெலத்தை யாரு பாக்குறது? கேசை வாபஸ் வாங்குத்தா. என்ன இருந்தாலும் புருசன்."

பேச்சி கேட்டாள். "கண்ண வாபஸ் குடுப்பாரா மாமா?"

அவர்கள் கொண்டுவந்த ஆப்பிள் அங்கேயே கிடந்தது. ஆயா எடுத்துத் தின்றாள்.

என் கண் பழுக்கவில்லை. ஒன்றரை மாதம் கழித்துக் கண்ணாடி கொடுத்தார்கள். வில்லையை எடுத்துவிட்டதால் அந்த வேலையைக் கண்ணாடிதான் செய்ய வேண்டும். சோடா பாட்டில் அடி போலத் தடிமன். போட்டால் எல்லாம் பெரிதாகவும் பக்கத்திலும் தெரியும். வாசல் கால் வளையும். தண்ணீர் ஊற்றினால் டம்ளருக்கு வெளியே விழும். பக்கவாட்டில் ஒரு வளையம் அளவுக்கு ஒன்றுமே தெரியாது, அங்கிருந்து ஆட்கள் திடீரென்று முளைப்பார்கள். பயப்படாதீர்கள், பழகிவிடும். என் கண்மணி இப்போது வட்டமாக இல்லை. மேல்பக்கம் இழுத்துக்கொண்டு சாவித்துவாரம் போல இருக்கிறது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அதைப் பார்க்க வரிசையில் நிற்கின்றன. எழுத்து தெரிகிறது. அது போதும்.

கோர்ட்டில் சாட்சி சொல்ல அந்தக் கண்ணாடியோடு போனேன். அங்கேதான் இரண்டு பேரையும் முதன்முதலாகப் பார்த்தேன். பேச்சி கறுப்பாக, நெடுநெடுவென்று இருந்தாள். இடது கண் இருந்த இடத்தில் இமை உள்ளே ஒட்டியிருந்தது. அவன் நான் நினைத்த மாதிரி இல்லை. ஒல்லி. தலையை வாரி, விபூதி பூசி, பயந்த மாதிரி நின்றான். அவனைப் பார்த்ததும் என் பல்லெல்லாம் கூசியது.

அவன் வக்கீல் என்னிடம் கேட்டார். "சம்பவத்தப்போ உங்க ரெண்டு கண்ணும் கட்டியிருந்தது. உண்மைதானே?"

"உண்மை."

"ஆபரேஷன் செய்யாத கண்ணிலும் புரை. கட்டைப் பிரிச்சாலும் ஆள் தெரியாது. உண்மைதானே?"

"உண்மை."

"அப்ப இவர் செஞ்சதை நீங்க பாக்கவே இல்லை. அந்தப் பொண்ணு சொன்னதை வச்சு, கண்ணைக் குத்தினது இவர் கைதான்னு சொல்றீங்க."

"பாக்கலதான் ஐயா. கட்டு கண்ணுக்குத்தான் போட்டிருந்தாங்க. பல்லுக்குப் போடல."

சிரிப்பு எழுந்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஜட்ஜ் அவன் கையைக் காட்டச் சொன்னார். அவன் காட்டாமல் பின்னால் கட்டிக்கொண்டான். போலீஸ்காரர் பிடித்துத் தூக்கினார். கட்டைவிரலுக்குக் கீழே, அரைவட்டமாக, தோல் சுருங்கிய தழும்பு.

தண்டனை கிடைத்தது. அப்பீல் போட்டு ஜாமீனில் வெளியே வந்துவிட்டான். இதை எழுதும்போதும் வெளியில்தான் இருக்கிறான். கேஸ் முடியும் வரை ஆஸ்பத்திரி சேர்த்துவிட்ட பெண்கள் காப்பகத்தில் இருந்த பேச்சி, அதற்குப் பிறகும் ஊருக்குப் போகவில்லை. பசுமலையில் ஒரு விடுதிச் சமையலுக்கு நான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். தனி அறை, உள்தாழ்ப்பாள். ஒரு தடவை சந்தையில் அவனைப் பார்த்ததாகச் சொன்னாள். அவன் என்ன செய்தான் என்று கேட்டேன். பார்த்துக்கொண்டே நின்றானாம். நீ என்ன செய்தாய் என்று கேட்டேன். "நானும் பாத்துக்கிட்டே நின்னேன் டீச்சர். அவருதேன் மொதல்ல திரும்புனாரு."

போன மாதம் என் இடது கண்ணில் ஆபரேஷன். அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டரம்மா. "இந்தத் தடவை யாரோட சண்டை?" என்றார். இந்த முறை ஊசிக்கு முன்பே கால் விரல்கள் சுருண்டன. ஒரு தடவை பார்த்துவிட்டால் இரண்டாவது தடவை பயமில்லை என்பார்கள். எனக்கு அதிகமாகத்தான் இருந்தது. கத்திக்குப் பயப்படவில்லை. கட்டுக்குப் பயந்தேன். மறுபடி இரண்டு கண்ணும் கட்டி, மணலுக்கு நடுவில், வருவது யார் என்று தெரியாமல் கிடக்க வேண்டும். வார்டுக்குக் கொண்டுவந்து படுக்கவைத்தபோது பல் கிட்டித்துப்போயிருந்தது. வராந்தாவில் கேட்ட ஒவ்வொரு செருப்புச் சத்தத்துக்கும் உடம்பு தூக்கிப்போட்டது.

செல்விக்குப் பரீட்சை. கணவருக்கு ஷிப்ட். கூட இருக்க வந்தது பேச்சி. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காரும் சத்தம் கேட்டது.

"எந்தப் பக்கம் பாத்து உக்காந்திருக்க?" என்று கேட்டேன்.

"வாசப் பக்கம்தேன், டீச்சர்."

"கதவு தெரியுதா?"

"கதவும் தெரியுது, வராந்தாவும் தெரியுது, கேட்டு வரைக்கும் தெரியுது. நீங்க தூங்குங்க."

தாடை தளர்ந்தது. தூங்கிவிட்டேன்.